மால்குடி எந்த மாவட்டத்தில் இருக்கு? கற்பனை ஊருக்கு ஆர்.கே.நாராயண் பெயர் எடுத்த இடங்கள்!

செங்குன்றம் தாண்டிப் போகும் பேருந்துகளின் போர்டைப் பாருங்கள். பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி என வரிசையாகப் பெயர்கள் வரும். பெயரின் கடைசிப் பாதியே அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடும். பாளையம் என்றால் படை தங்கிய இடம். கோட்டைக்கு விளக்கமே வேண்டாம். குடி என்றால் மக்கள் குடியிருந்த இடம். காரைக்குடி, மன்னார்குடி எல்லாம் அப்படி வந்தவைதான்.

இந்தப் பெயர்களுக்கு நடுவே 'மால்குடி' என்று ஒரு போர்டை மாட்டினால் யாருக்காவது சந்தேகம் வருமா? வராது. டிக்கெட் கேட்டு ஏறக்கூட ஆள் இருக்கும். ஆனால் அப்படியொரு ஊர் எந்த மாவட்டத்திலும் கிடையாது. ஓர் எழுத்தாளர் தன் நோட்டுப் புத்தகத்தில் உருவாக்கிய ஊர் அது. அந்த ஊரின் ஆறு, பள்ளிக்கூடம், தெரு, கிரிக்கெட் டீம், மனிதர்கள் எல்லாவற்றுக்கும் அவரே பெயர் வைத்தார். அந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று தேடினால், அவருடைய வாழ்க்கை முழுவதும் வெளியே வருகிறது.

யார் இந்த ஆர்.கே.நாராயண்?

1906 அக்டோபர் 10-ம் தேதி சென்னையில் பிறந்தவர் நாராயண். முழுப்பெயர் ராசிபுரம் கிருஷ்ணசாமி ஐயர் நாராயணசுவாமி. 'ஆர்' என்பது ராசிபுரம். இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் அதே ராசிபுரம்தான், முன்னோர்களின் ஊர். 'கே' என்பது அப்பா கிருஷ்ணசாமி. வீட்டில் கூப்பிட்ட பெயர் குஞ்சப்பா.

அப்பா மைசூர் சமஸ்தானத்தில் பள்ளித் தலைமையாசிரியர். அடிக்கடி இடமாற்றம் வரும். அதனால் சிறுவன் நாராயண் சென்னை புரசைவாக்கம் வெள்ளாளத் தெருவில் பாட்டி வீட்டிலேயே வளர்ந்தார். வீட்டில் விளையாட்டுத் துணை யார் தெரியுமா? ஒரு மயிலும் ஒரு குரங்கும். பாடம் சொல்லிக் கொடுத்தது பாட்டி பார்வதி. கணக்கு, சமஸ்கிருதம், பாட்டு, புராணக் கதை என எல்லாமே பாட்டியிடம்தான். பின்னாளில் மால்குடிக்குள் வந்த பல பெயர்களுக்கு விதை விழுந்தது இந்த வீட்டில்தான்.

ஒரு நல்ல நாளும் ஒரு நோட்டும்

படிப்பில் நாராயண் முதல் பெஞ்ச் ரகம் இல்லை. கல்லூரி நுழைவுத் தேர்வில் தோல்வி. ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து புத்தகமாகப் படித்துத் தள்ளினார். பிறகு மைசூர் மகாராஜா கல்லூரியில் சேர்ந்து, மற்றவர்களைவிட ஒரு வருடம் கூடுதலாக எடுத்து, 1930-ல் பி.ஏ. முடித்தார். கொஞ்ச நாள் வாத்தியார் வேலைக்கும் போனார். உடற்பயிற்சி ஆசிரியரின் வேலையையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னதும் கிளம்பி வந்துவிட்டார். எழுதுவதுதான் இனி தொழில் என்று அறிவித்தார். அந்தக் காலத்தில் ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பையன் இப்படிச் சொல்வது எவ்வளவு பெரிய ரிஸ்க் என்று சொல்லத் தேவையில்லை.

அப்போது பாட்டி பெங்களூரில் இருந்தார். எழுத ஆரம்பிக்க நல்ல நாள் பார்த்துக் கொடுத்ததும் அவர்தான். அந்த நாளில் நாராயண் ஒரு நோட்டு வாங்கி, பேனாவும் கையுமாக உட்கார்ந்தார். என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தபோது, முதலில் கண்ணில் பட்டது ஒரு சின்ன ரயில் நிலையம். பிளாட்பாரத்தில் பயணிகளின் முகத்தைப் பார்த்தபடி ஒரு சிறுவன் ஓடிக்கொண்டிருந்தான். சிறுவனின் பெயர் சுவாமிநாதன். நிலையத்தின் பெயர் மால்குடி. ஊரே தயாராக வந்து நின்றது என்பதுதான் பின்னாளில் அவர் கொடுத்த விளக்கம்.

'குடி' தமிழா, கன்னடமா?

இந்த விளக்கத்தோடு வாசகர்கள் விட்டுவிடுவார்களா? பெங்களூரில் மல்லேஸ்வரம், பசவனகுடி என்று இரண்டு பழைய குடியிருப்புப் பகுதிகள் இருக்கின்றன. முதல் பெயரின் தலையையும் இரண்டாவது பெயரின் வாலையும் ஒட்டினால் மால்குடி. எழுத ஆரம்பித்ததும் பெங்களூரில் என்பதால் இந்தக் கதை இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

நாராயண் சொன்னது வேறு. திருச்சி பக்கம் லால்குடி இருக்கிறது, கும்பகோணம் பக்கம் மாங்குடி இருக்கிறது, மால்குடி மட்டும் எங்கேயும் இல்லை, அதுதான் தனக்கு வசதியாகப் போனது என்பது அவர் கருத்து. நிஜ ஊரைப் பெயர் சொல்லி எழுதினால், அந்தத் தெரு அங்கே இல்லையே, அந்த ஆறு அப்படி ஓடாதே என்று யாராவது திருத்த வருவார்கள். இல்லாத ஊரில் அந்தத் தொல்லை கிடையாது.

இதில் ஒரு மொழி விஷயமும் இருக்கிறது. தமிழில் குடி என்றால் குடியிருப்பு. கன்னடத்தில் குடி என்றால் கோயில். பசவனகுடி என்பது பசவன் கோயில், அதாவது நந்தி கோயில். எனவே தமிழர் காதில் மால்குடி ஒரு கிராமமாக ஒலிக்கிறது. கன்னடர் காதில் ஒரு கோயில் ஊராக ஒலிக்கிறது. சென்னையில் வளர்ந்து மைசூரில் வாழ்ந்த ஒருவரின் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைவது கஷ்டம். இரண்டு மாநிலமும் இன்றுவரை மால்குடியை நம்ம ஊர் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆல்பர்ட் மிஷன் பள்ளியும் எம்.சி.சி. டீமும்

மால்குடி சிறுவன் சுவாமி படிப்பது ஆல்பர்ட் மிஷன் பள்ளி. நாராயண் சின்ன வயதில் படித்தது புரசைவாக்கம் லூத்தரன் மிஷன் பள்ளி. அங்கே பைபிள் வகுப்பில் இந்துக் கடவுள்கள் கேலிக்கு உள்ளானதும், வகுப்பில் ஒரே பிராமண மாணவனாகத் தான் நெளிந்து உட்கார்ந்ததும் நாராயணுக்கு மறக்கவில்லை. நாவலில் அந்த வகுப்பு அப்படியே வருகிறது. வாத்தியாரின் பெயர் எபனேசர். நிஜப் பள்ளியின் பெயர் மாறிவிட்டது. அந்தச் சிறுவனின் கோபம் மட்டும் மாறவில்லை.

சுவாமியின் நண்பர்களுக்குப் பெயர் வைத்த விதமும் பள்ளிக்கூடப் பையன்கள் வைப்பது போலவே இருக்கும். சாமுவேல் ரொம்பக் குள்ளம், அதனால் அவன் பெயர் 'பட்டாணி'. பந்து வீசுவதில் சுவாமி கொஞ்சம் கெட்டி, அதனால் அவன் பெயர் 'டேட்'. யார் இந்த டேட்? அந்தக் காலத்தில் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில் அடிக்கடி வந்த இங்கிலாந்து பந்துவீச்சாளர் மாரிஸ் டேட். இன்று தெரு கிரிக்கெட்டில் பும்ரா என்று ஒருவனைக் கூப்பிடுவது போலத்தான்.

பையன்கள் ஆரம்பிக்கும் டீமின் பெயர் எம்.சி.சி. பல பெயர்களை யோசித்துவிட்டு, கடைசியில் மால்குடி கிரிக்கெட் கிளப் என்று முடிவு செய்கிறார்கள். லண்டனில் கிரிக்கெட்டுக்கே சட்டம் எழுதும் மேரிலபோன் கிரிக்கெட் கிளப்பின் சுருக்கமும் எம்.சி.சி.தான். சென்னைக்காரர்களுக்கு இன்னும் இரண்டு எம்.சி.சி. தெரியும். ஒன்று மெட்ராஸ் கிரிக்கெட் கிளப், இன்னொன்று மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி. கிறிஸ்தவக் கல்லூரியின் உயர்நிலைப் பள்ளியில் நாராயண் படித்திருக்கிறார். மூன்று எழுத்தில் ஒரு ஜோக்.

சரயு ஆறு எப்படி தெற்கே வந்தது?

மால்குடியில் ஓடும் ஆற்றின் பெயர் சரயு. ராமாயணம் கேட்டு வளர்ந்த யாருக்கும் தெரியும், அது அயோத்தி ஆறு. தென்னிந்திய ஊருக்கு அது எப்படி வந்தது? பாட்டியின் புராணக் கதைகள்தான் வழி. இலங்கைக்குப் போகும் ராமன் மால்குடியில் தங்கியதாகவும், தண்ணீருக்காக அம்பால் மணலில் கோடு கிழித்ததாகவும், அதிலிருந்து சரயு புறப்பட்டதாகவும் நாராயண் ஒரு தலபுராணத்தையே எழுதி வைத்தார். நம்ம ஊர்களில் பாதிக் குளத்துக்கும் மலைக்கும் இப்படி ஒரு கதை இருக்கும். புராணம் இல்லாமல் ஓர் ஊர் முழுமை அடையாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

வெள்ளைக்காரன் பெயர் இல்லாமலும் முழுமை அடையாதே! மால்குடியின் வசதியான பகுதி லாலி எக்ஸ்டென்ஷன். நாராயண் பிறந்த 1906-ல்தான் சர் ஆர்தர் லாலி சென்னை மாகாண ஆளுநராக வந்தார். கோவையில் வேளாண் பல்கலைக்கழகம் இருக்கும் லாலி ரோடு அவர் பெயரில் வந்ததுதான். மால்குடியில் அவர் சர் ஃபிரடெரிக் லாலி ஆகிவிடுகிறார்.

அந்தப் பெயரை வைத்தே நாராயண் ஒரு சிறுகதை எழுதினார், 'லாலி ரோடு'. சுதந்திரம் வந்ததும் மால்குடி நகராட்சிக்குத் திடீர் தேசபக்தி வருகிறது. தெருப்பெயர்களை எல்லாம் மாற்றுகிறார்கள். ஒரே தலைவரின் பெயரைப் பல தெருக்கள் கேட்டு வாங்கிக்கொள்கின்றன. விளைவு? கடிதம் போய்ச் சேரவில்லை, சொந்த ஊர்க்காரனுக்கே வழி தெரியவில்லை. லாலியின் சிலையையும் பெயர்த்து எடுக்கிறார்கள். பிறகுதான் தெரிகிறது, அவர் கொடுமைக்காரர் இல்லை, ஊரை உருவாக்கிய நல்ல மனிதர் என்று. கடைசியில் சிலை போய்ச் சேர்ந்த சந்துக்கே லாலி ரோடு என்று பெயர் வைத்துப் பிரச்சினையை முடிக்கிறார்கள். பெயர் மாற்ற அரசியல் பேசப்படும்போதெல்லாம் இந்தக் கதை ஞாபகம் வராமல் போகாது.

அவர் பெயரே மாறிய கதை

முதல் நாவலைப் பதிப்பாளர்கள் ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பினார்கள். கையெழுத்துப் பிரதி ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த நண்பர் பூர்ணாவிடம் இருந்தது. வெறுத்துப்போன நாராயண், அதில் கல்லைக் கட்டி தேம்ஸ் ஆற்றில் போட்டுவிடும்படி எழுதினார். பூர்ணா ஆற்றுக்குப் போகவில்லை. பிரதியைக் கொண்டுபோய் நாவலாசிரியர் கிரஹாம் கிரீனிடம் கொடுத்தார். கிரீன் முயற்சியால் 1935-ல் புத்தகம் லண்டனில் வெளியானது.

அதற்குள் இரண்டு பெயர்கள் மாறின. நாராயண் வைத்திருந்த 'சுவாமி தி டேட்' என்ற தலைப்பு 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' ஆனது. ஆங்கில வாசகர் வாயில் நுழையாது என்பதால் ஆர்.கே.நாராயணசுவாமி, ஆர்.கே.நாராயண் ஆனார். நிஜப் பெயர்களை வெட்டி ஒட்டி ஓர் ஊரையே செய்தவரின் பெயரும் அப்படியே வெட்டப்பட்டது. பெயரில் இருந்து போன 'சுவாமி' நாவலின் தலைப்பில் இருக்கிறான்.

ராஜம், சுசீலா ஆனார்

1933-ல் அக்கா வீட்டுக்காகக் கோவை போயிருந்தபோது, தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்தார் நாராயண். பெயர் ராஜம். ஜாதகம் பொருந்தவில்லை என்று தடை வந்தது. விடாமல் போராடி 1934-ல் திருமணம் செய்துகொண்டார். குடும்பம் நடத்தப் பணம் வேண்டுமே! சென்னையில் இருந்து வந்த 'ஜஸ்டிஸ்' பத்திரிகைக்கு மைசூர் நிருபராக வேலை பார்த்தார். சந்தை, கோர்ட்டு, போலீஸ் ஸ்டேஷன் என்று தினமும் ஊரைச் சுற்றியதில்தான் மால்குடிக்கு மனிதர்கள் கிடைத்தார்கள்.

1939-ல் டைபாய்டு காய்ச்சலில் ராஜம் இறந்தார். கையில் சின்னக் குழந்தை ஹேமா. நாராயணால் எழுத முடியவில்லை. ஆவியுலகத்தோடு பேசவைக்கும் முயற்சிகளில்கூட அவர் ஆறுதல் தேடினார். அந்த இருட்டில் இருந்து மெதுவாக வெளியே வந்து எழுதியது 'தி இங்கிலீஷ் டீச்சர்'. வெளிவந்த ஆண்டு 1945.

நாவலில் ஆசிரியர் கிருஷ்ணன், மனைவி சுசீலா, குழந்தை லீலா. மற்றதெல்லாம் தன் வாழ்க்கையில் நடந்ததுதான் என்பதை நாராயண் தன் சுயசரிதையான 'மை டேஸ்' புத்தகத்தில் மறைக்கவில்லை. காய்ச்சல், படுக்கை, மரணம், அதன் பிறகான வெறுமை என எதையும் அவர் விலக்கவில்லை. பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டார். எங்கெங்கோ கேட்ட பெயர்களைத் தயங்காமல் மால்குடிக்குள் கொண்டுவந்தவர், மனைவி, மகள் பெயர்களை மட்டும் அந்தத் துயரத்துக்குள் கொண்டுவரவில்லை. பெயர் மாறியதால்தான் அந்தச் சாவை அவரால் எழுத முடிந்தது என்று நினைக்க இடம் இருக்கிறது. அதன் பிறகு அவர் மறுமணம் செய்துகொள்ளவே இல்லை.

அச்சகக்காரர் ஹீரோ ஆனது எப்படி?

1941-ல் நாராயண் 'இந்தியன் தாட்' என்ற காலாண்டிதழைத் தொடங்கினார். ஓர் உறவினரின் முயற்சியில் சென்னையில் மட்டும் ஆயிரம் சந்தாவுக்கு மேல் சேர்ந்தது. ஆனால் நிர்வாகம் நாராயணுக்கு ஒத்துவரவில்லை. ஒரு வருடத்துக்குள் இதழ் நின்றது. அந்த நஷ்டத்தில் கிடைத்த லாபம் ஒரு மனிதர். இதழை அச்சடித்த மைசூர்க்காரர் செலுவ ஐயங்கார். கலகலப்பானவர், எல்லா வேலையிலும் இறங்குபவர்.

அவர்தான் மால்குடியில் 'சம்பத்' என்ற பெயரில் அச்சகம் நடத்துகிறார். பத்திரிகை அச்சடிக்க ஆரம்பித்து, சினிமா எடுக்கப் போய், எல்லோரையும் சிக்கலில் மாட்டிவிட்டு மறைந்துபோகும் சம்பத்! இந்தக் கதை நாவலாக வருவதற்கு முன்பே தமிழ் சினிமாவுக்கு வந்துவிட்டது. ஜெமினி நிறுவனத்தின் 'மிஸ் மாலினி' படம் 1947-ல் வெளியானது. கதை நாராயண். சம்பத்தாக நடித்தவர் கொத்தமங்கலம் சுப்பு, மாலினியாக புஷ்பவல்லி. ஜெமினி கணேசனின் ஆரம்பகாலப் படமும் இதுதான். 'மிஸ்டர் சம்பத்' நாவல் 1949-ல் வந்தது. 1952-ல் எஸ்.எஸ்.வாசன் அதை இந்தியிலும் படமாக எடுத்தார்.

அதே 1952-ல் வந்த 'தி ஃபைனான்ஷியல் எக்ஸ்பர்ட்' நாவலின் நாயகன் மார்கய்யா. கூட்டுறவு வங்கிக்கு எதிரே ஆலமரத்தடியில் தகரப் பெட்டியோடு உட்கார்ந்து, விவசாயிகளுக்குக் கடன் வாங்க வழி சொல்பவர். மார்க்கம் என்றால் வழி, அய்யா என்றால் மரியாதை. வழி காட்டுகிற ஐயா! இன்றும் ஏதாவது ஓர் அரசு அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரைப் பார்த்தால், இந்தப் பெயர் எவ்வளவு சரி என்று புரியும்.

1958-ல் வெளியான 'தி கைடு' நாவலுக்கும் தூண்டுதல் கண் எதிரே நடந்ததுதான். மைசூரில் ஒருமுறை கடும் வறட்சி. மழை வேண்டிப் பலர் காவிரியில் முழங்கால் தண்ணீரில் நின்று பதினோரு நாள் ஜபம் செய்தார்கள். அதைப் பார்த்த நாராயணுக்கு, விருப்பமே இல்லாமல் சாமியார் ஆகி, மழைக்காக உண்ணாவிரதம் இருக்க நேரும் ஒரு சுற்றுலா வழிகாட்டியின் கதை பிறந்தது. ரயில் நிலையத்தில் வளர்ந்தவன் என்பதால் அவன் பெயர் ரயில்வே ராஜு. இந்த நாவலுக்கு 1960-ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது.

உலகம் முழுக்க இதே கதைதான்

கற்பனை உலகத்துக்குப் பெயர் வானத்தில் இருந்து வருவதில்லை. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீனை எடுத்துக்கோங்க. அதில் வரும் சாம் கேம்ஜி என்ற பெயரின் பின்னால் இருப்பது ஒரு மருத்துவப் பஞ்சு. டோல்கீன் வளர்ந்த பர்மிங்காம் பக்கத்தில் காயத்துக்கு வைக்கும் பஞ்சை, அதை உருவாக்கிய டாக்டர் பெயரால் கேம்ஜி என்றே சொல்வார்கள். கதாநாயகனின் வீடான 'பேக் எண்ட்', டோல்கீனின் சித்தி வைத்திருந்த பண்ணையின் பெயர். அமெரிக்காவில் வில்லியம் ஃபாக்னர் தன் கற்பனை மாவட்டத்துக்கு, உள்ளூர் ஆறு ஒன்றின் பழைய பெயரை வைத்தார்.

டோல்கீனுக்கு மந்திரவாதிகளும் டிராகன்களும் இருந்தார்கள். நாராயணுக்கு இருந்தது வாத்தியார், அச்சகக்காரர், வட்டிக்காரர், கிரிக்கெட் ஆடும் பையன்கள். பெயர் எடுத்த முறை இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

மால்குடியைத் தேடிப் போனவர்கள்

'கைடு' நாவலை தேவ் ஆனந்த் படமாக எடுக்க வந்தபோது, கதைக்குப் பொருத்தமான இடங்களை மைசூர் பக்கம் அழைத்துப் போய்க் காட்டினார் நாராயண். படக்குழு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ராஜஸ்தானுக்குப் போய் உதய்பூரில் கேமராவை வைத்தது. 1965-ல் வந்த படம் பெரிய ஹிட். ஆனால் தன் மால்குடியைக் காணோமே என்ற வருத்தம் அவருக்குப் போகவில்லை.

1986-ல் தூர்தர்ஷனில் வந்த 'மால்குடி டேஸ்' அந்தக் குறையைத் தீர்த்தது. இயக்குநர் சங்கர் நாக், கர்நாடகாவின் ஷிமோகா மாவட்டத்தில் உள்ள ஆகும்பேவை மால்குடியாக மாற்றினார். சுவாமியாக மாஸ்டர் மஞ்சுநாத், இசை எல்.வைத்தியநாதன், படங்கள் வரைந்தவர் நாராயணின் தம்பியும் கார்ட்டூனிஸ்டுமான ஆர்.கே.லக்ஷ்மண். அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் ஃபென்னலி ஒருபடி மேலே போய், கதைகளில் வரும் தகவல்களை வைத்து மால்குடிக்கு வரைபடமே தயாரித்தார்.

நாராயண் மாநிலங்களவைக்கும் நியமிக்கப்பட்டார். அங்கே அவர் பேசிய விஷயம் எது தெரியுமா? பள்ளிக் குழந்தைகள் முதுகில் சுமக்கும் புத்தகப் பையின் எடை. சுவாமி என்ற சிறுவனை உருவாக்கியவர் வேறு எதைப் பேசுவார்!

மகள் ஹேமா 1994-ல் இறந்தார். நாராயண் தன் கடைசிக் காலத்தைச் சென்னையில் கழித்தார். 2001 மே 13-ம் தேதி, 94 வயதில் மறைந்தார். செயற்கைச் சுவாசம் பொருத்துவதற்குச் சில மணி நேரம் முன்புகூட, ஒரு தாத்தாவைப் பற்றிய அடுத்த நாவலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

மைசூர் யாதவகிரியில் அவர் வாழ்ந்த வீடு இடிபட இருந்து, தப்பி, 2016-ல் நினைவு இல்லமானது. ஷிமோகா மாவட்டத்தில் அரசாளு என்ற சின்ன ரயில் நிலையம் இருக்கிறது. தொடரின் ரயில் நிலையக் காட்சிகள் எடுக்கப்பட்ட அந்தப் பழைய கட்டடத்தை ரயில்வே துறை 'மால்குடி' அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறது. பாட்டி பார்த்துக் கொடுத்த நல்ல நாளில் ஒரு நோட்டில் எழுதப்பட்ட பெயர், இப்போது நிஜமான ரயில் நிலையச் சுவரில் இருக்கிறது. ரயிலில் போகிறவர்கள் இறங்கி நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.